ஒயில் சூடாகிற தூரம்

என் மனைவி ரொறன்ரோவில் வந்திறங்கியபோது எங்களுக்குக் கலியாணமாகி ஐந்து வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. அதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது முதல் எட்டு மாதம் மட்டும்தான். மிச்சமெல்லாம் கடிதத்தில் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்துசேரச் சிலவேளை மூன்று மாதம் எடுக்கும். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்போது என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்திருக்கும்.

அது தொண்ணூறுகளின் ஒரு தை மாதம். விமான நிலையத்தில் நான் கொண்டுபோன குளிர்க்கோட்டை அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு, "நல்லா மெலிஞ்சு போனியள்" என்றாள். நான் "குளிருதோ?" என்று கேட்டேன். மோர்னிங்சைட்டில் நான் எடுத்திருந்த அப்பார்ட்மென்ற் வந்துசேரும்வரை அதற்கு மேல் கதைக்க எங்கள் இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ஊரில் அவள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவள். இங்கே நான் பிளாஸ்ரிக் வாளி செய்கிற பக்ரறியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்ரறிக்குக் காரில் ஏழு நிமிடம். அவளைப் புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பில் சேர்த்துவிட்டேன். அதற்கு ஐந்து நிமிடம். தமிழ்க்கடைக்கு ஆறு நிமிடம். எங்கள் உலகம் அவ்வளவுதான்.

வீட்டுக்குள் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டோம். அவள் "தேத்தண்ணி தரட்டோ?" என்று கேட்பாள். நான் "உமக்குக் கரைச்சல் இல்லையெண்டால்" என்பேன். குளியலறைக்குப் போகும்போது ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்போம். ஐந்து வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது. வந்தவளுக்கு முப்பத்தொன்று. காதோரம் நரைத்திருந்தது. அவளுக்கும் என்னைப் பார்க்க அப்படித்தான் இருந்திருக்கும்.

என்னிடமிருந்தது ஒரு பழைய ஜப்பான் கார். மண்ணிறம். நான் மூன்றாவது சொந்தக்காரன். அதற்கு எப்போது எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் நிச்சயம் இருந்ததில்லை. கராஜ் அண்ணை கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிவிடுவார். அதில் ஐயாயிரம் கிலோமீற்றர் அல்லது மூன்று மாதம், எது முதல் வருகிறதோ அது என்று இருக்கும். எனக்கோ மூன்று மாதத்தில் ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர் ஓடினாலே பெரிய காரியம். பிறகேன் நல்ல ஒயிலை வெளியே ஊற்றிவிட வேண்டும்? பக்ரறியில் என்னோடு வேலை செய்த ஒருவர் பிக்கரிங்கிலிருந்து தினமும் ஹைவேயில் வருகிறவர். "பத்தாயிரம் மட்டும் விடு. உவங்கள் கராஜ்காரர் வெருட்டுறாங்கள். நான் அப்பிடித்தான் விடுறனான், எஞ்சின் பூனைக்குட்டி மாதிரி ஓடுது" என்று அடித்துச் சொன்னார். அவருடைய பேச்சைக் கேட்டு நான் ஸ்ரிக்கரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அந்த வின்ரரில் ஒயில் மாற்றி ஏழு மாதமாகியிருந்தது.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கார் தரிப்பிடத்தில் காரின் முன்பக்கப் பொனற்றைத் திறந்து, கண்ணாடி கழுவும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் குப்பைப் பையோடு கீழே வந்தவள், பக்கத்தில் வந்து நின்றாள்.

"உந்த மூடி என்னத்துக்கு?"

"அதுக்குள்ளாலதான் ஒயில் விடுறது" என்று சொல்லி, காட்டுவதற்காகத் திருகித் திறந்தேன்.

மூடியின் அடிப்பக்கம் முழுக்க வெளிர் மஞ்சளாகத் தடிப்பாக ஏதோ அப்பிப்போயிருந்தது. ஆறிப்போன தேங்காய்ப்பால் சொதியின் மேலே ஆடை படியுமே, அப்படி. ஒயில் இருக்கவேண்டிய இடத்தில் சொதி. ஒயிலுக்குள் தண்ணீர் கலந்தால் எஞ்சின் முடிந்தது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.

அவள் கையுறையைக் கழற்றி, சுண்டுவிரலால் கொஞ்சம் தொட்டு மணந்து பார்த்தாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் எனக்குத் தெரிந்த ஒரு களையைக் கண்டேன். ஊரில் பரீட்சைத் தாள் திருத்தும்போது, யாராவது பிள்ளை எதிர்பாராத ஒரு விடை எழுதியிருந்தால் அவளுக்கு அந்த முகம் வரும்.

"குழம்பாக்கம்" என்றாள்.

"என்ன குழம்பு?"

"தண்ணியும் எண்ணெயும் அடிபட்டுச் சேர்ந்தால் வாறது. அதுக்கு அதுதான் பேர்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

அன்றைக்கே கராஜுக்குப் போனோம். கராஜ் அண்ணை தீவுப் பக்கத்து ஆள். ஐம்பது வயது இருக்கும். பெரிய தொழிற்சாலைக் கட்டடமொன்றின் பின்பக்கத்தில் ஒரேயொரு கார் நிற்கிற இடத்தை எடுத்து வேலை செய்தார். சுவரில் மாதாவின் படம், கீழே ஹீற்றர். மூடியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"தம்பி, உது ஹெட் காஸ்கெற்றா இருக்கலாம். அது வெடிச்சால் றேடியேற்றர் தண்ணி ஒயிலுக்க இறங்கும். கழட்டிப் பாத்தாத்தான் சொல்லலாம். கழட்டினால் பெரிய வேலை."

நான் தலையாட்டினேன். அந்தப் பெரிய வேலையை இந்தக் காருக்குச் செய்வதிலும் பார்க்க எறிந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அப்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணை, றேடியேற்றர் தண்ணி ஒயிலுக்க இறங்கினால், றேடியேற்றரில தண்ணி குறைய வேணுமெல்லே?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஓம். குறையும்."

"குறைஞ்சிருக்கோ?"

அவர் போய்ப் பார்த்தார். றேடியேற்றர்ப் போத்தலில் தண்ணீர் மேல்கோட்டில் நின்றது. ஐப்பசியில் தானே விட்ட அளவு அது, அப்படியே இருக்கிறது என்று அவரே சொன்னார்.

"அப்ப அந்தத் தண்ணி வேற எங்கயோ இருந்து வருது" என்றாள். "பெற்றோல் எரிஞ்சால் தண்ணியும் வரும்தானே. எஞ்சின் குளிரா இருந்தால் அந்த ஆவி உள்ளுக்கயே படியும். இவர் ஏழு நிமிசம் ஓடிப்போட்டு நிப்பாட்டுறார். ஒயில் சூடாகிறதுக்கு முதலே நிப்பாட்டியாச்சு. தண்ணி எப்பிடி வெளியால போறது?"

கராஜ் அண்ணை துணியில் கையைத் துடைத்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம், "தங்கச்சி ஊரில என்ன செய்தவ?" என்று கேட்டார். சொன்னேன். "அதானே" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "ரீச்சர், நீங்கள் சொல்லுறதும் சரியா இருக்கலாம். இப்ப நான் கழட்டேல்லை. பழசை ஊத்திப்போட்டுப் புது ஒயில் விட்டுத் தாறன். ரெண்டு கிழமை தண்ணி மட்டத்தைப் பாருங்கோ. குறைஞ்சால் கொண்டுவாங்கோ" என்றார்.

அன்று பின்னேரம் அவள் காரின் கையேட்டைக் கொண்டுவரச் சொன்னாள். நான் அதை ஒருநாளும் திறந்ததில்லை. குசினி மேசையில் வைத்து அகராதியோடு வாசித்தாள். ஒயில் மாற்றுவதற்கு அதில் இரண்டு நிரல்கள் இருந்தன. சாதாரண பாவனைக்கு ஒன்று, கடும் பாவனைக்கு ஒன்று. கடும் பாவனைக்கு அரைவாசித் தூரம்தான் கொடுத்திருந்தார்கள்.

"நாங்கள் சாதாரணம்தானே" என்றேன். "மலையேறுறதில்லை, பாரம் இழுக்கிறதில்லை. கடையும் வேலையும்தான்."

அவள் விரலை வைத்து வாசித்தாள். "கடும் பாவனையெண்டால் என்னெண்டு போட்டிருக்குப் பாருங்கோ. உறைகுளிரில கிட்டக்கிட்ட ஓடுறது. நிண்டபடி எஞ்சினை ஓடவிடுறது. ரோட்டில உப்பு, புழுதி. நீங்கள் உது எல்லாம் செய்யிறியள்." பிறகு நிமிர்ந்து, "பிக்கரிங்கில இருந்து வாற உங்கட ஆள் சொல்லுறதும் பிழையில்லை. அந்தாள் தினமும் அரைமணித்தியாலம் ஒரே வேகத்தில வாறார். அவற்ற ஒயில் ஒவ்வொரு நாளும் காயுது. அவற்ற கணக்கு உங்களுக்குச் சரிவராது" என்றாள்.

ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் ஓடுவதைப் போய் யாராவது கடுமை என்று சொல்வார்களா? எனக்கு அது விளங்கவே இல்லை. ஆனால் அவள் சொல்லிமுடித்தபோது கையேட்டை விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை. அவள் அதைக் கண்டு, "என்ன?" என்றாள். "ஒண்டுமில்லை" என்றேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. "புது ஒயிலும் அப்பிடி ஆகாமல் இருக்கவேணுமெண்டால் கிழமைக்கு ஒருக்காலாவது காரை நல்லாச் சூடாக்க வேணும். நெடுக ஓடுற ரோட்டு ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள்.

இருந்தது. நாங்கள் ஹைவேயில் ஏறிக் கிழக்கே போனோம். பிக்கரிங் தாண்டி, ஒஷாவா தாண்டி, வயல்கள் பனி மூடிக் கிடக்கிற இடம் வரை. அங்கே ஒரு டோனற் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் அவள் பொனற்றைத் திறக்கச் சொல்லி, துணியால் மூடியைத் திருகிப் பார்த்தாள். சூட்டில் எண்ணெய் மினுங்கியது. "காய்ஞ்சிட்டுது" என்றாள். அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். கடையில் கோப்பி வடிக்கிற கடதாசி ஒரு பக்கெற் வாங்கினாள். நாங்கள் வீட்டில் கோப்பி குடிப்பதில்லை. ஒயில் அளக்கிற கம்பியை இழுத்து, ஒரேயொரு துளியைக் கடதாசியின் நடுவில் விட்டு, ஒருநாள் காயவைப்பாள். துளி பரவி வட்டம் வட்டமாக நிற்கும். நடுவில் கறுப்பு, வெளியே தேன் நிறம். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் திகதியும் கிலோமீற்றரும் எழுதி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ரேப்பால் ஒட்டினாள். சீனிப் போத்தல் எடுக்கக் கதவைத் திறந்தால் எங்கள் எஞ்சினின் நாட்குறிப்பு முழுக்க அங்கே இருக்கும்.

காருக்குள் நாங்கள் கதைக்கத் தொடங்கினோம். எப்படித் தொடங்கியது என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் மேசைக்கு எதிரெதிரே இருந்தால் வராத கதை, இருவரும் முன்னாலுள்ள ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. முதலில் ஒயிலைப் பற்றி. பிறகு பக்ரறியைப் பற்றி, நான் முதல் வின்ரரில் கோட்டு இல்லாமல் இரண்டு ஜம்பர் போட்டுத் திரிந்ததைப் பற்றி. அவள் மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளைகளுக்குச் செய்முறை காட்டியதைப் பற்றி.

நாலாவது ஞாயிறோ ஐந்தாவதோ. வெளியே மெல்லிய பனி தூவிக்கொண்டிருந்தது. பிக்கரிங் வரப்போகிற இடம். நான் ஒன்று கேட்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நினைத்திருந்தேன். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு மூன்று மாதம். கொழும்பிலிருந்து புறப்பட்டு, பல நாடுகளில் நின்று, கனடா வந்து ஒரு முகவரி கிடைத்த பிறகு வந்த முதல் கடிதத்தில், வீட்டு விசயம், பள்ளிக்கூட விசயம் எல்லாவற்றுக்கும் நடுவில், "பிள்ளை தங்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. நான் பதில் எழுதினேன். கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேள்வி போய்ப் பதில் வர ஆறு மாதம் எடுக்கும், அவ்வளவு நாளும் அந்தப் பதிலுக்குக் காத்திருக்க என்னால் முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். எது என்று சொல்லவில்லை. அவளும் எது என்று கேட்கவில்லை.

முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையுறையால் துடைத்தாள். பிறகு சொன்னாள். அப்போது சண்டையால் ஊரைவிட்டு எல்லாரும் வெளிக்கிட்டு வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்களாம். ஆறாம் மாதம் தொடங்கியிருந்ததாம். விடியக் காலையில் வயிற்றுக்குள் குத்து. வாகனம் ஒன்றும் ஓடவில்லை. அவளோடு படிப்பித்த இன்னொரு ரீச்சர் தன் சைக்கிளின் பின்கரியரில் அவளை இருத்தி, ஆறு மைல் உழக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாவாம். "அவ பாவம், எனக்குக் குலுங்கக்கூடாதெண்டு ஒவ்வொரு கிடங்கிலயும் இறங்கித் தள்ளினவ" என்றாள். "போய்ச் சேர்ந்தம். ஆனால் பிந்திப்போச்சு."

நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப்பிள்ளை. நேர்ஸ் எனக்குக் காட்டினவ. உங்கட நெத்தி."

ரோட்டுக் கோடுகள் எனக்குக் கலங்கத் தொடங்கின. சிக்னலைப் போட்டு ஓரத்துக்கு எடுக்கப் பார்த்தேன். அவள் என் கையின் மேல் கையை வைத்தாள். வந்த நாளிலிருந்து அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"நிப்பாட்டாதேங்கோ" என்றாள். "மெல்ல மெல்ல ஓடுங்கோ. ஒயில் இன்னும் சூடாகேல்லை."

வலதுபக்க லேனில், எல்லாரும் எங்களை முந்திக்கொண்டு போக, நான் மெல்ல ஓடினேன். ஒஷாவாவையும் தாண்டினோம். டோனற் கடைக்கும் போகவில்லை. எவ்வளவு தூரம் போய்த் திரும்பினோம் என்று நான் பார்க்கவில்லை. வழியில் அவளும் அழுதாள், நானும் அழுதேன். வீட்டு வாசலில் நின்றபோது இருள் விழுந்திருந்தது. அவள் மூடியைத் திறந்து பார்க்க மறந்துபோனாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் "தேத்தண்ணி தரட்டோ?" என்று கேட்காமல், தனக்கு ஒன்று போட்டு, எனக்கும் ஒன்று போட்டு, பக்கத்தில் வந்து இருந்தாள்.

றேடியேற்றர்த் தண்ணீர் ஒரு நூல்கூடக் குறையவில்லை. பங்குனியில் நாங்கள் கராஜுக்குப் போனபோது அவள் அந்தக் கடதாசி வட்டங்களை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து அண்ணைக்கு முன்னால் வரிசையாக அடுக்கினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இஞ்ச பாருங்கோ. ஆயிரத்து இருநூறு மட்டும் வட்டம் வடிவா விரியுது. அதுக்கு மேல நடு கறுத்து, ஓரம் கிழிஞ்சமாதிரி வருது" என்றாள். "அதால வின்ரரில ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர், இல்லாட்டி மூண்டு மாசம். அதுக்கு மேல விடக்கூடாது. வெயில் காலத்தில ஐயாயிரம் விட்டுப் பாப்பம். அதையும் துளி விட்டுப் பாத்துத்தான் முடிவெடுக்கலாம்."

"நான் ஸ்ரிக்கரில போட்ட மூண்டு மாசம்தானே ரீச்சர் உதுவும்" என்றார் அவர்.

"ஓம் அண்ணை. ஆனால் ஏன் எண்டு நீங்கள் இவருக்குச் சொல்லேல்லை."

அவர் பெரிதாகச் சிரித்தார். பிறகு கிட்டக்கிட்ட ஓடுகிற ஆட்கள் யாராவது ஒயில் மாற்றப் பஞ்சிப்பட்டால், "மூடியைத் திறந்து பார், ரீச்சர் சொல்லுவா" என்று எங்களை உதாரணம் காட்டத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

சித்திரை முடிவில் பனியெல்லாம் கரைந்து, மரங்களில் மொட்டு வந்தது. ஒரு ஞாயிறு காலை நானே கீழே போய் மூடியைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மேலே வந்து சொன்னேன். அவள் வந்து பார்க்கவுமில்லை. இடியப்பத்தையும் சம்பலையும் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இனிச் சூடாக்கத் தேவையில்லைப் போல" என்றேன், அவள் என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று.

"ஓம். தேவையில்லை." பெட்டியை மூடினாள். "சப்பாத்தைப் போடுங்கோ. இண்டைக்கு வாவியடிக்குப் போவம்."

அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கும் என் நெற்றிதான். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் வாய்விட்டுக் கதைத்ததில்லை. ஆனால் பிள்ளை நித்திரையாகும்போது மனைவி அந்த நெற்றியைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருப்பாள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைக்கு ஒரு வயது முடிய அவளுக்குப் பெயின்ற் செய்கிற இடமொன்றின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. முதலில் குடுவை கழுவுகிற வேலை. ஆறு மாதத்தில் கழுவுவதை விட்டுச் சோதிக்கிற வேலைக்குப் போனாள். கார் ஓடப் பழகி லைசென்ஸும் எடுத்தாள். என்னைவிட நிதானமாக ஓடுவாள்.

அந்தக் கார் எஞ்சினால் சாகவில்லை. ரோட்டில் போடுகிற உப்பு அதன் அடித்தட்டைத் தின்றுவிட்டது. ஒருநாள் பின்சீற்றின் கீழ் விரிப்பைத் தூக்கினால் ஓட்டைக்குள்ளால் ரோட்டுத் தெரிந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு இனி இதில் ஓடக்கூடாது என்று கராஜ் அண்ணையே சொல்லிவிட்டார். எஞ்சினை மட்டும் தான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். உடைந்துபோன இன்னொரு காருக்குப் போடலாமாம். "உப்பிடி ஒரு சுத்தமான எஞ்சின் எனக்கு எங்க கிடைக்கப்போகுது, ரீச்சர்" என்றார். அவள் சரி என்றாள். பிறகு சங்கடத்தோடு, "வாங்கிற ஆள் எவ்வளவு தூரம் ஓடுறவரெண்டு கேட்டு வையுங்கோ" என்றாள். அவர் கேட்டு வைப்பதாகச் சொன்னார்.

புதுக் கார் எடுக்க ஒரு மாதம் போனது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் போனோம். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவதென்றால் மூன்று பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வரச் சுணங்கிய ஒருநாள், பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடிக் கூண்டுக்குள் மூவரும் ஒடுங்கி நின்றோம். மகள் தாயின் தோளில் நித்திரை. அவள் கோயிலில் தந்த பொங்கல் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி எடுத்து என் வாய்க்குள் வைத்தாள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு பிடியும் தரச்சொல்லிக் கேட்டேன்.